குருவியின் கருவிப்பலகைக் காப்புப் படலம்

திண்ணிய தோளும் தினவெடுத்த கையும் திறவுகோல் குலுங்கும் இடையும் உடைய மாவீரர். திருகாணி முதல் தீயணைப்பான் வரை தம் திருக்கண் படாமல் ஒரு பொருளும் உள்ளே புகவோ வெளியே போகவோ விடாத காவலர். கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லி அறியாமல் ‘நாளைக்கு வாங்க’ என்று மட்டுமே சொல்லிச் சிவந்த வாயினர். பறக்கும் பயிற்சிப் பள்ளியின் பண்டகசாலையைத் தனிக்குடை நிழலில் ஆண்டு, அந்த நிழலில் வேறு எவரும் ஒதுங்காமல் பார்த்துக்கொண்ட வேந்தர். பள்ளியோரால் ஸ்டோர்ஸ் சார் என்று அழைக்கப்படும் அப்பெருந்தகை வாழ்க. அவர் சாவிக்கொத்தின் ஓசை கேட்ட மாத்திரத்தில் மேசைமீது நீட்டிய கால்களைக் கீழே இறக்கும் ஊழியப் பெருமக்களும் வாழ்க.

காவியம் என்றால் காப்புப் பாடித் தொடங்குவது மரபு. இந்தக் காவியமே ஒரு காப்பைத் தேடி அலைந்த கதை என்பதால் அதற்கு இன்னொரு காப்புப் பாடுவது கொஞ்சம் அதிகப்படி. ஆகையால் ஆயிரங்கதிரோனை மட்டும் கைகூப்பி, ‘ஐயா, சொல்லி முடிக்கும் வரையாவது சற்றுத் தணிந்து அடிக்கவும்’ என்று வேண்டிக்கொண்டு மேலே போவோம். அவர் கேட்க மாட்டார். கேட்கிற ஆளாக இருந்தால் நமக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

போர்க்களம் எது என்று கேட்பீர்கள். விமான நிலையம் ஒன்றின் பின்கோடியில், கம்பிவேலியை ஒட்டினாற்போல், இரண்டே விமானங்களை வைத்துக்கொண்டு வானாளும் வித்தையைக் கற்பிக்கும் பள்ளி அது. அவ்விரண்டில் ஒன்று, என்ஜினைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கொட்டகையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு தவம் கிடந்தது. மற்றொன்றின் பெயர் குருவி. இருவர் மட்டுமே அமரக்கூடிய, வெண்மேனியும் மூக்கில் சுழலும் விசிறியும் கொண்ட அந்தச் சிறுபறவை, கொட்டகைக்கு வெளியே சிமெண்டுத் தரையில், தலைக்குமேல் வானம் தவிர வேறு கூரை அறியாமல் காலை முதல் மாலை வரை நின்றது.

கொட்டகையின் மறுபாதியில் என்ன இருந்தது? நம் வேந்தரின் நாற்சக்கரத் தேர். வாங்கி ஓராண்டு ஆகாத, பெயிண்ட் மங்கிவிடக் கூடாத, வெண்ணெய் நிறத்துத் தேர். கொட்டகைச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவர் வண்டியே உள்ளே நிற்கும் என்னும் அறநெறிப்படி, வீட்டம்மா பழைய படுக்கை விரிப்புகளை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு, அது குறுக்கே படுத்திருந்தது. அதைப் பற்றி இப்போது என்ன பேச்சு. தேர் தன்பாட்டுக்குத் தூங்கட்டும், நாம் போருக்குப் போவோம்.

குருவியின் கண்ணாடிக் கூண்டுக்குள்ளே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே, உயரம் சொல்லும் முள், வேகம் சொல்லும் முள், திசை சொல்லும் திரை என்னும் அமைச்சர் பெருமக்கள் வீற்றிருக்கும் அவையே கருவிப்பலகை. பள்ளியில் எல்லாரும் அதை டாஷ்போர்டு என்பார்கள். வேந்தர் மட்டும் கருவிப்பலகை என்பார். சொல்வதற்குமுன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்த அவையின்மேல் கதிரவன் நாள்தோறும் படையெடுத்தான். கண்ணாடி வழியே உள்ளே வர அவனுக்கு வழி தெரியும், வெளியே போகத்தான் தெரியாது. பலகையின் கருந்தோல், வெயிலில் மறந்துவிட்ட செருப்பைப் போல ஓரங்களில் சுருண்டு எழுந்தது. திசை சொல்லும் திரையோ, உச்சிப்பொழுது தாண்டியதும் ‘அதிக வெப்பம்’ என்று இரண்டே சொல்லைக் காட்டிவிட்டுக் கறுத்து அணைந்தது.

அணைந்தது திரை மட்டும் என்றால் காவியம் வேண்டியதில்லை. வேந்தருக்கு ஒரே மகள். அவளும் அதே பள்ளியில்தான் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். பயிற்சிக் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓட்டும் பாடமெல்லாம் முடிந்து, இனித் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிக் காட்ட வேண்டிய கட்டம். காலைப்பொழுதெல்லாம் ஓடுபாதை பெரிய விமானங்களுக்கு. பள்ளிக்கு அது கிடைப்பது மதியத்துக்கு மேல்தான். மதியத்துக்கு மேல் என்றால் திரை அணைந்திருக்கும். இந்த மாதத்துக்குள் தனியாகப் பறக்காவிட்டால், அடுத்த அணியோடு சேர்ந்து எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு மதியமும் அவள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏறுவாள், கறுத்த திரையைப் பார்ப்பாள், ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு இறங்குவாள்.

பயிற்சிக் கேப்டன் சொற்சிக்கனத்தில் பேரரசர். அவர் வாயிலிருந்து ‘ம்ம்’ என்பதற்குமேல் எதுவும் வருவது அபூர்வம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே அவர் பலரைப் பைலட் ஆக்கியிருந்தார். அப்பேர்ப்பட்டவரே ஒருநாள் பண்டகசாலைக்கு வந்து முழு வாக்கியத்தில் பேசினார்.

“சார், திரை அணைஞ்சு போற விமானத்துல உங்க பொண்ணைத் தனியா அனுப்ப மாட்டேன். முதல்ல அந்த டாஷ்போர்டு சூட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

உண்மையைச் சொன்னால், மகள் தனியாக மேலே போவாள் என்று நினைத்தாலே வேந்தருக்குப் பயம் வந்தது. அவள் போகவே முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்தால் வருத்தம் அந்தப் பயத்தைவிட அதிகமாக வந்தது. இரண்டையும் வீட்டில்கூட அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இப்படி மனத்தில் இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் செய்வார்? துணி தேடுவார்.

எழுந்தார் வேந்தர். அலமாரிகள் அதிர, எண்ணெய்ப் பீப்பாய்கள் செவிசாய்க்க, சாவிக்கொத்து முரசாக முழங்க, அவர் பிரகடனம் செய்தார்: “கேளுங்கள், நட்டுகளே, போல்ட்டுகளே. இன்று தொட்டு என் ஒப்புதலின்றி ஒரு கதிரும் கருவிப்பலகையைத் தீண்டாது. அதைக் காக்கும் துணி இப்பூவுலகில் எங்கு ஒளிந்திருந்தாலும் கொணர்வேன். கொணரும்வரை தேநீர் அருந்தேன்.” தேநீர் விரதம் அன்று மாலையே முடிந்துபோனது. துணிச் சபதம் மட்டும் நிலைத்தது.

வாசலில் நின்றிருந்த மகள் கேட்டாள். “அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா?”

“அப்புறம் சொல்லும்மா. அப்பா முக்கியமான வேலையில இருக்கேன்.”

வீரர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு நிகரான பகைவர் வேண்டும் அல்லவா? அந்தக் குறையும் வைக்கவில்லை விதி. வீட்டம்மாவின் அண்ணன், பள்ளியின் தலைமை மெக்கானிக், பின்பாக்கெட்டில் ஸ்பானர் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாத காரணத்தால் ஸ்பானர் மாமா என்று புகழ்பெற்ற மச்சான், பணிமனையில் வீற்றிருந்தார். இவ்விருவர் பகைமை ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிய நாளில் பிறந்தது. ‘அந்தக் கம்பெனி வேணாம் மாப்ள’ என்று மச்சான் சொன்னதைக் கேளாமல் வேந்தர் அதையே வாங்க, அது வந்த நாள் முதல் கால்மாட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. மச்சான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் அந்தத் தண்ணீரை மட்டும் தாண்டிப் போவார்.

அத்தகைய மச்சான் முந்திக்கொண்டார். வேந்தர் துணி தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், பட்டமளிப்பு விழா மேடையிலிருந்து கழற்றிப் போட்ட கருநீல வெல்வெட் திரையை மடித்துத் தோளில் சுமந்து, யானைமேல் பட்டாடை விரிப்பவர்போல் குருவியின் பலகைமேல் விரித்தார். “கனமா இருந்தா சூடு இறங்காது மாப்ள” என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மதியம் வேந்தர் அதன்மேல் தம் வலது உள்ளங்கையை வைத்தார். பள்ளியின் அதிகாரபூர்வமான வெப்பமானி அந்த உள்ளங்கைதான். வைத்த வேகத்தில் எடுத்தார். கருநீலம் வெயிலைக் குடித்துக் குடித்துக் கீழே இருந்த பலகைக்கும் ஊட்டியிருந்தது. கை எரிந்தாலும் அன்று வேந்தரின் முகத்தில் இருந்த பூரிப்பு, ஃபிரிட்ஜ் வந்த நாளுக்குப் பிறகு யாரும் காணாதது.

அடுத்து எழுந்தது வேந்தரின் சொந்தப் படை. துணி அனுப்பும் வியாபாரியைத் தொலைபேசியில் அழைத்து, தூதரை ஏவும் மன்னரின் குரலில் அவர் ஆணையிட்டார்: “சூடு தாங்குற துணி வேணும். எவ்வளவு சூடு ஆனாலும் தாங்கணும். தாங்காத துணியை என் கண்ணுல காட்டாதீங்க.” வியாபாரி நல்ல மனிதர், கேட்டதைக் கொடுப்பவர். வந்து இறங்கியது கண்ணாடி நூலால் நெய்த வெல்டிங் போர்வை. உருகிய இரும்பு சொட்டினாலும் முகம் சுளிக்காது என்றார். அதை வேந்தர் தம் கையாலேயே அளந்து, தம் கையாலேயே வெட்டி, பலகையின் வளைவு நெளிவெல்லாம் பொருந்தும்படி போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கவசம் பூண்ட குருவி கம்பீரமாக இருந்தது.

வெயில் வந்தது, அடித்தது, அடங்கியது. மறுநாளும் வந்தது. போர்வையை எடுத்துப் பார்த்தார்கள். என்னே அதன் உறுதி; ஒரு நூல் கருகவில்லை, ஒரு மடிப்புக் கலையவில்லை, கடையில் இருந்த நிறம் மாறவில்லை. அதன் கீழே கருவிப்பலகை கொதித்துக்கொண்டிருந்தது. திரை அணைந்திருந்தது. போதாக்குறைக்கு, ஓரத்தில் உதிர்ந்த கண்ணாடித் தூள் இருக்கையில் படிந்திருக்க, அதன்மேல் அமர்ந்த கேப்டன் அன்று முழுவதும் ‘ம்ம்’ என்பதற்குப் பதிலாகச் சொறிந்துகொண்டே இருந்தார்.

வியாபாரி தொலைபேசியில் பணிவாகத்தான் சொன்னார். “சார், சூடு தாங்குறதுன்னு தானே கேட்டீங்க? துணி தாங்கியிருக்கு. சூட்டைத் தடுக்குறதுன்னு கேட்டிருந்தா வேற கொடுத்திருப்பேன்.”

மச்சான் பக்கத்திலேயே நின்று கேட்டார். அவருக்கு வேறு யாரும் வெற்றிமாலை சூட்ட வேண்டியிருக்கவில்லை. “துணி தாங்கிருச்சு மாப்ள” என்றார் மெதுவாக. “பலகையாலதான் தாங்க முடியல.”

‘தாங்கும்’ என்ற ஒரே சொல்லில் தம் படை முழுதும் மாண்டதைக் கண்ட வேந்தர், இரண்டு நாள் அந்தச் சொல்லையே வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று வைத்திருந்தார். வீட்டம்மா தலைவலி தாங்க முடியவில்லை என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னார். சாப்பிடும்போது மகள் மறுபடி தொடங்கினாள். “அப்பா, நான் ஒண்ணு—”

“அப்புறம்மா. வெள்ளி வருது.”

வெள்ளி வந்தது. ஒளியையே திருப்பி எறியும், முகம் பார்த்துத் தலைவாரலாம் போன்ற வெள்ளித்தாள். இந்தமுறை ‘தடுக்குற துணி’ என்று தெளிவாகக் கேட்டு வாங்கியது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது நன்றாகவே வேலை செய்தது. கதிரவன் எய்த கணைகளையெல்லாம் வந்த வழியே திருப்பியது. வந்த வழியில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து வானூர்திகளை இறக்கி ஏற்றும் வயர்லெஸ் அம்மா, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறுகையால் மைக்கை எடுத்தார். பள்ளியின் ஒலிபெருக்கியில் அவர் குரல் பொங்கி வழிந்தது.

“கீழ என்னங்க, இன்னொரு சூரியனை இறக்கி வச்சிருக்கீங்களா? எனக்கு ரன்வே எது, ரோடு எதுன்னு தெரியல. முதல்ல அதை எடுங்க.”

எடுத்தார்கள். வேந்தர் வெள்ளித்தாளைத் தம் கையாலேயே சுருட்டினார். சுருட்டும்போது அதில் அவர் முகம் தெரிந்தது. அது நன்றாக இல்லை. மாதம் தேய்ந்து முடியும் தறுவாயில் இருந்தது. மகள் அன்று ஹெட்போனைத் தலையில் மாட்டக்கூட இல்லை. கையில் தொங்கவிட்டுக்கொண்டே விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

தோற்ற வேந்தர் எங்கே போவார்? தம் தேருக்குப் போனார். கொட்டகைக்குள் நுழைந்து, பூப்போட்ட உறையை நெகிழ்த்தி, கதவைத் திறந்து, உள்ளே அமர்ந்து, ஸ்டீயரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்தார். மனம் விட்டு அழலாம் என்றுதான் வந்தார். அப்போது ஒரு கை தற்செயலாக முன்னே நீண்டு, காரின் டாஷ்போர்டைத் தொட்டது.

சில்லென்று இருந்தது.

மறுகையை வைத்தார். அதுவும் சில்லென்று இருந்தது. கன்னத்தை வைத்தார். வெளியே உலகம் கொதிக்க, வெல்டிங் போர்வையும் வெல்வெட்டும் வெள்ளியும் மாண்டு கிடக்க, இங்கே, தம் சொந்தத் தேரில், குளிர்ந்த கருவிப்பலகை. வேந்தரின் பேரறிவு பாய்ந்தோடியது. இந்தக் காருக்கு மேலே இருப்பது என்ன? உறை. உறையைத் தைத்தது யார்? தம் மனையாள். ஆக, தேடி அலைந்த தெய்வத் துணி இத்தனை நாளும் தம் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்திருக்கிறது.

வெளியே வந்தவர், இரு கைகளையும் உயர்த்திப் பள்ளி முழுதும் கேட்க முழங்கினார்: “கண்டேன். கண்டேன் அந்தத் துணியை. வாருங்கள் எல்லாரும், வந்து என் காரைத் தொட்டுப் பாருங்கள்.”

வந்தார்கள். மச்சான் தொட்டுப் பார்த்தார். கேப்டன் தொட்டுப் பார்த்தார். தொட்டுவிட்டு இருவரும் மேலே கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். ஏன் வாய் திறக்கவில்லை என்றால், அவரவர்க்கு அவரவர் நியாயம் இருந்தது. கேப்டனின் அறை மின்விசிறி பழுதாகி, புதியது பண்டகசாலையில் ‘நாளைக்கு வாங்க’ என்ற நிலையில் இருந்தது. மச்சானுக்கோ, மாப்பிள்ளையின் புதுக் காரை வெயிலில் நிறுத்தச் சொன்னார் என்ற சேதி வீட்டுக்குப் போனால், தங்கை தொலைபேசியை எடுத்தால் கீழே வைக்க மாட்டாள் என்று தெரியும். துணியைப் பற்றிச் சண்டை போட எல்லாருக்கும் துணிவு இருந்தது. சாவியைப் பற்றிப் பேசத்தான் ஒருவருக்கும் இல்லை.

“நல்ல துணி மாப்ள” என்றார் மச்சான்.

“ம்ம்” என்றார் கேப்டன்.

மறுநாள், மாதத்தின் கடைசிக்கு முதல் நாள், பூப்போட்ட உறை ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டு, குருவியின் கருவிப்பலகைமேல் சூட்டப்பட்டது. செம்பூவும் மஞ்சள் பூவும், நடுவே எந்தக் காலத்திலோ சிந்திய காப்பிக் கறையும் விளங்க, வீட்டுப் படுக்கையின் மணம் கண்ணாடிக் கூண்டெங்கும் கமழ்ந்தது. உச்சிப்பொழுது தாண்டியது. அனைவரும் சூழ்ந்து நிற்க, வேந்தர் படியில் ஏறி, உறையின் கீழே தம் வலது உள்ளங்கையைச் செலுத்தினார்.

கையை உதறிக்கொண்டே இறங்கினார். அவர் முகத்தில் வலியைவிட வியப்பு அதிகம். “அதே துணி” என்றார். “அங்க குளிருது, இங்க கொதிக்குது. எப்படி?”

இந்த இடத்தில் உலகம் ஒரு நல்ல வார்த்தை கேட்கக் காத்திருந்தது. மச்சான் தாடையைத் தடவினார். “பூ மேல்பக்கம் இருக்கு” என்றார் யோசித்து. “கார்ல எப்படி இருந்துச்சு, பூ உள்பக்கமா?”

பூவைத் திருப்பிப் போட்டார்கள். ஆமாம், போட்டார்கள். பள்ளிப் படிப்பும் பட்டயமும், வானத்தில் ஆயிரக்கணக்கான மணிநேரமும் உள்ள பெரிய மனிதர்கள், ஒரு படுக்கை விரிப்பை நால்வராகப் பிடித்து, பூ கீழே வருமாறு திருப்பி விரித்து, இன்னும் ஒரு மணிநேரம் வெயிலில் நின்று, மறுபடி கையை வைத்தார்கள். மறுபடி உதறினார்கள். ‘நாலா மடிச்சுப் பார்க்கலாமா’ என்று ஒரு கருத்தும் எழுந்தது.

மகள் இதையெல்லாம் இறக்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். இந்தமுறை அவள் ‘ஒண்ணு சொல்லட்டுமா’ என்று கேட்கவில்லை.

“அப்பா, கார் நிழல்ல நிக்குது” என்றாள்.

அச்சொல் விழுந்த கணத்தில், வானில் தேரோட்டிப் போன கதிரவன் குதிரைகளை இழுத்து நிறுத்திக் குனிந்து பார்க்க, காற்று மூச்சடக்க, கோபுரத்தில் வயர்லெஸ் அம்மா தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோக, மச்சான் தம் ஸ்பானரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் புரட்டிப் புரட்டிப் பார்க்க, கேப்டன் எழுந்து வந்த ‘ம்ம்’மைத் தொண்டையிலேயே விழுங்க, வேந்தர் கொட்டகையை நோக்கினார், குடிகளுக்கு நிழல் தரவென்றே வேந்தர்கள் விரிக்கும் குடை எங்கே விரிந்திருக்கிறது என்று நோக்கினார், அதன்கீழ் வெண்ணெய் நிறத்தில் யார் இளைப்பாறுகிறார் என்று நோக்கினார், நோக்கி முடித்து, மகள் கையில் தொங்கிய ஹெட்போனையும் நோக்கினார். வாளை உருவுபவர்போல் அவர் வலக்கை இடுப்புக்குப் போயிற்று.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்கதான் அப்புறம்னு சொன்னீங்க.”

சாவிக்கொத்தில் கார் சாவியைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் ஆனது. அத்தனை சாவியிலும் அது ஒன்றுதான் புதிது, சட்டென்று தெரிந்திருக்க வேண்டும், விரல்தான் கேட்கவில்லை. “அப்போ நாளைக்கே தனியாப் போயிடுவியா?” என்று தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“ம்ம்” என்றாள் மகள், கேப்டனிடம் கற்றவள்.

மறுநாள் மதியம், இரவும் பகலும் கொட்டகைக் குளிர்ச்சியில் துயின்றெழுந்த குருவி, கருவிப்பலகை சில்லிட, திரை மலர, முட்கள் நிமிர, பூப்போட்ட உறையோ வெல்வெட்டோ வெள்ளியோ ஏதும் அணியாத திறந்த மேனியோடு ஓடுபாதையில் உருண்டு, எழுந்து, விண்ணோர் வழிவிட விரிவானம் புகுந்து, ஒருத்தியை மட்டும் சுமந்துகொண்டு பெரிய வட்டமாகச் சுற்ற, கீழே கண்ணைக் கைகளால் மறைத்துக்கொண்டு நின்ற வேந்தர் அது இறங்கும்வரை விரலிடுக்கு வழியே மட்டும் பார்த்திருக்க, சக்கரம் தரையைத் தொட்டதும் பகை மறந்த மச்சான் அவர் தோளைத் தட்ட, கேப்டன் பண்டகசாலையிலிருந்து அன்றே வெளிவந்த புது மின்விசிறியைக் கக்கத்தில் இடுக்கியபடி ‘ரொம்ப நல்லா இறக்கிட்டா சார்’ என்று முழு வாக்கியமே அருள, மூவுலகும் வாழ்த்த, முரசுகள் முழங்க வேண்டிய அந்த மாலையில், அப்பாவும் மகளும் கிளம்பினார்கள்.

வீட்டுக்குப் போகும்போது கார் சீட்டு சுட்டது.